வீரசோழனுக்கு ஒரு டிக்கெட்

இருபது வருடமாக நான் வீரசோழனுக்கு டிக்கெட் எடுத்து வருகிறேன். போன மாதம்வரை அந்த ஊரில் ஒரு தடவைகூட இறங்கியதில்லை.

என் ஊர் திருச்சுழி. அருப்புக்கோட்டையில் பஸ் ஏறினால் பாதி வழியில் வந்துவிடும். அதே பஸ் அப்புறம் நரிக்குடி போய், கடைசியாக வீரசோழனில் நிற்கும். எனக்குத் திக்குவாய். த, ந இரண்டும் எனக்கு ஜென்ம விரோதிகள். நாக்கு பல்லில் போய் ஒட்டிக்கொண்டால் அவ்வளவுதான். உயிரெழுத்தில் தொடங்கும் சொல் என்றால் தொண்டையிலேயே பூட்டு விழுந்துவிடும். என் பெயரே உயிரெழுத்தில்தான் தொடங்குகிறது. பெற்றவர்களுக்கு அப்போது தெரியுமா என்ன?

கண்டக்டர் "எங்கம்மா?" என்று கேட்டுவிட்டு நிற்பார். ‘தி’ என்று ஆரம்பித்து, அது ‘தி தி தி’ என்று இழுப்பதற்குள் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். பின்னால் யாரோ களுக்கென்று சிரிப்பார்கள். எனக்குக் காதெல்லாம் சூடேறி, கையில் இருக்கும் சில்லறை வேர்வையில் நனைந்துவிடும். ‘வீரசோழன்’ மட்டும் வழுக்கிக்கொண்டு வரும். அதனால் வீரசோழன் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, திருச்சுழியில் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கிவிடுவேன். காலையில் தொல்லை இல்லை. எல்லாரும் டவுனுக்குத்தான் போகிறார்கள், காசை நீட்டினால் போதும்.

பேசாதவள் சாது என்று எங்கள் தெருவே நினைத்துக்கொண்டிருக்கிறது. சாதுவாவது ஒன்றாவது! உள்ளுக்குள் நான் திட்டுகிற திட்டை வெளியே கேட்க முடிந்தால் ஒரு பயல் என் பக்கத்தில் உட்கார மாட்டான். வாய்க்கு வராததெல்லாம் மனதுக்குள் சரமாரியாக வரும். அருப்புக்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். ஊசியைக் கையில் எடுத்துவிட்டால் யாரும் என்னைப் பேச்சுக்கு இழுப்பதில்லை. யோசித்துத்தான் அந்த வேலையைப் பிடித்தேன்.

நிஜமான வீரசோழன்காரர் ஒருவரை நான் முதலில் பார்த்தது பஸ்ஸில்தான். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம். என் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, விரலால் ஜன்னல் கம்பியில் தாளம் போட்டுக்கொண்டு எதையோ மெதுவாக முனகிக்கொண்டு வந்தார். நல்ல குரல் என்று நினைத்தேன். நான் ‘வீரசோழன்’ என்று சொன்னதும் முனகல் நின்றது. எட்டி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் இந்த மனுசன் என்று எரிச்சலாக இருந்தது.

திருச்சுழியில் நான் இறங்கி நாலு எட்டு வைத்திருப்பேன். பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரே சத்தம்.

"நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க! நம்ம ஊருப் புள்ள தெரியாம எறங்கிருச்சு. ஏம்மா, வீரசோழன் இன்னும் வரலம்மா, ஏறு ஏறு!"

அவர்தான். பஸ் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கி வந்து, "வீரசோழனுக்கு டிக்கெட் எடுத்துட்டு இங்க எங்க போறீக?" என்கிறார். ஜன்னலுக்கு ஒரு தலை என்னைப் பார்க்கிறது. என் கால் இரண்டும் ரோட்டில் நட்டுவைத்ததுபோல் நின்றுவிட்டன. ‘இதுதான் என் ஊர்’ என்ற மூன்று சொல்லைச் சொல்ல முடியாமல் வாயைத் திறந்து திறந்து மூடினேன். அவர் படிக்கட்டில் நின்று அதைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "சரி சரி, அந்தப் புள்ளைக்கு வேலை இருக்கும். நாந்தான் தப்பா நெனைச்சுட்டேன், போவம்" என்று கண்டக்டரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் விலங்கியல் வகுப்புக்குள் வருகைப் பதிவேட்டோடு நுழைந்தது அதே ஆள்.

எங்கள் வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், எண்தான். நான் நாற்பத்திரண்டு. மற்றவர்கள் ‘எஸ் சார்’ கேட்பார்கள், இவர் ‘உள்ளேன் ஐயா’ கேட்பார். எதுவானாலும் எனக்கு ஒன்றுதான், இரண்டும் உயிரெழுத்து. முதல் எண்ணைக் கூப்பிட்டதுமே எனக்கு நெஞ்சு படபடக்க ஆரம்பிக்கும். இருபது தாண்டும்போது உள்ளங்கை ஈரமாகிவிடும். முப்பத்தைந்துக்கு மேல் காதில் எதுவும் விழாது. அதனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாற்பத்தொன்றாம் எண் என் தோழி, குரலைக் கொஞ்சம் மாற்றி எனக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவாள். வகுப்பில் உட்கார்ந்துகொண்டே தனக்கு ஆள் வைத்து வருகை போட்டவள் அந்தக் கல்லூரியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவர் அன்றே கண்டுபிடித்துவிட்டார். "நாப்பத்தொண்ணும் நாப்பத்திரெண்டும் ஒரே தொண்டையா இருக்கே?" என்று நிமிர்ந்தார். வகுப்பு சிரித்தது. அவர் கண் என் மேல் நின்றது. எழுந்து நிற்கச் சொல்லப் போகிறார், பேர் கேட்கப் போகிறார், இன்றோடு படிப்பு முடிந்தது என்று பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் தலையைக் குனிந்து நாற்பத்துமூன்று என்றார்.

அடுத்த வகுப்பில் பதிவேட்டைத் திறந்தார், தொண்டையைச் செருமினார், ‘ஒன்று’ என்று பாடினார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே பாடினார். எண்ணை ஒரு சுருதியில் இழுத்துப் பாட வேண்டும், அதே சுருதியில் ‘உள்ளேன் ஐயா’ என்று பாடிப் பதில் சொல்ல வேண்டும், பாடாதவருக்கு வருகை கிடையாது என்று சட்டம் போட்டுவிட்டார். பையன்களுக்குக் கொண்டாட்டம். ஒருத்தன் கழுதைபோல் கத்தினான், ஒருத்தி வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொண்டு பாடினாள். வகுப்பே குலுங்கிக்கொண்டிருந்தபோது நான் மட்டும் செத்துக்கொண்டிருந்தேன். பேசவே வராதவளைப் பாடச் சொன்னால்? நாற்பத்தொன்று முடிந்தது. "நாற்பத்திரண்டு" என்று தாழ்ந்த குரலில், ரொம்ப நிதானமாக இழுத்தார். அந்த இழுப்பு முடியவே இல்லை. அது முடிவதற்குள் அதன் மேலேயே ஏறிக்கொள்வதுபோல் என் வாயிலிருந்து "உள்ளேன் ஐயா" வந்தது. முழுசாக வந்தது. எங்கும் இடறவில்லை.

என் குரலை நானே அன்றைக்குத்தான் ஒழுங்காகக் கேட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, தவளையின் படத்தை வரைவதுபோல் நோட்டில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டேன்.

இது எனக்காகத்தானா என்று எனக்கு உடனே தெரியவில்லை. பாட்டுப் பைத்தியம் பிடித்த மனுசன், அவருக்குத் தோன்றியிருக்கும் என்றுதான் நினைத்தேன். வருசக் கடைசியில் காய்ச்சலில் மூன்று நாள் போகவில்லை. திரும்பிப் போனதும் தோழி சலித்துக்கொண்டாள்.

"நீ இல்லாத மூணு நாளும் சப்புனு போச்சுடி. அவரு பாடவே இல்ல. சும்மா வாசிச்சுட்டுப் போயிட்டாரு."

அவளுக்கு அது ஒரு சேதி. எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. தெரிந்துவிட்டதே, என்னைப் பற்றி எல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டதே என்ற பயம்தான் முதலில். நன்றியெல்லாம் பிறகு வந்தது. யாரிடமும் நான் சொல்லவில்லை. அவரும் மூன்று வருடத்தில் ஒரு வார்த்தை என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. வகுப்பில் கூத்தடிக்கிறார் என்று அவருக்கு மெமோ கொடுத்தார்கள். அப்புறமும் பாடினார். கதவைச் சாத்திவிட்டு, கொஞ்சம் மெதுவாக.

போன மாதம் அவர் காலமாகிவிட்டார். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ஊசியும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். என் முன்னால் கையை நீட்டி உட்கார்ந்திருந்த பெரியவர், "என்னம்மா, இன்னும் குத்தலியா?" என்று கேட்ட பிறகுதான் நினைவு வந்தது.

ஒரு வாரம் கழித்து, சனிக்கிழமை மத்தியானம் கல்லூரியில் இரங்கல் கூட்டம். அவர் மகன் வந்திருந்தான். முன் வரிசையில் உட்கார்ந்து போனை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டே இருந்தான்.

"அம்மாவால வர ஏலாது, இத்தா இருக்காக. எல்லாரும் பேசுறத வீட்டுல போட்டுக் காட்டணும், அதான்" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னான். கணவன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் முஸ்லிம் பெண்கள் வீட்டைவிட்டு வெளியே வர மாட்டார்கள், வெளி ஆண்களையும் பார்க்க மாட்டார்கள்.

பேசினார்கள் பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். எல்லாரும் நல்லபடியாகத்தான் பேசினார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் ஒவ்வொருவரும் அந்த வருகைப் பதிவுக்கு வந்து நின்றார்கள். ஒருவர் பாடிக் காட்டினார். இன்னொருவர் கழுதைபோல் கத்திய பையனை நடித்துக் காட்டினார். இரங்கல் கூட்டத்தில் கைதட்டல்! கடைசியாக அந்தக் காலத்துத் துறைத்தலைவர் எழுந்தார்.

"தங்கமான மனுசன். ஆனா விளையாட்டுப் புத்தி. மெமோ குடுத்தும் கேக்கல. கொஞ்சம் பொறுப்பா இருந்திருந்தா முதல்வராகவே ஆயிருப்பாரு" என்றார்.

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மகன் போனைத் தாழ்த்தவில்லை, ஆனால் அவன் முகம் சுண்டிப்போனது. இதை இன்று சாயங்காலம் அந்தம்மா கேட்பார்களே என்று நினைத்தேன். அது விளையாட்டு இல்லை என்று தெரிந்த ஆள் அந்த அரங்கத்தில் நான் ஒருத்திதான். "வேற யாராவது ரெண்டு வார்த்தை?" என்று கேட்டார்கள். என் கை தானாக உயர்ந்துவிட்டது. அதைக் கீழே இறக்குவதற்குள் பார்த்துவிட்டார்கள்.

மைக் வரைக்கும் நடந்ததே நினைவில்லை. ‘ஐயா எனக்காகத்தான் பாடினார்’ என்று சொல்ல வேண்டும். மூன்றே சொல். வாயைத் திறந்தேன். ஐ வரவில்லை. மூச்சு மட்டும் மைக்கில் புஸ்ஸென்று கேட்டது. மறுபடி முயன்றேன், தாடை நடுங்கியது. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார், என்மேல் இரக்கமாம். மகனின் போன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குக் கண் இருட்டியது. அந்தப் பயத்தில் என் வாய், பஸ்ஸில் செய்கிற அதே வேலையைச் செய்தது. சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு, வரக்கூடியதைச் சொன்னது.

"மேடையில சொன்னதெல்லாம் சரிதான். வணக்கம்."

சொல்லிவிட்டேன். தடையே இல்லாமல், மணிமணியாகச் சொல்லிவிட்டேன். கைகூடத் தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். என் கணவரிடம் விட்டு விட்டுச் சொல்லி முடிக்க வெகு நேரம் ஆனது. அவர் பொறுமையாகக் கேட்டார். "நான் வேணா போயி வெவரத்தச் சொல்லிட்டு வாரேன்" என்றார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இத்தா இருக்கிறவரிடம் இவர் எப்படிப் போய்ப் பேசுவார்? மகனிடம் சொல்லி விடலாம் என்றால், அது என் வாயால் கெட்டது, அடுத்தவர் வாயால் எப்படிச் சரியாகும்? நான்தான் போக வேண்டும் என்று தெரிந்ததும் ராத்திரி தூக்கம் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருச்சுழியில் பஸ் ஏறினேன். "வீரசோழன்" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அது உண்மையாக இருந்தது. நரிக்குடி தாண்டி இரண்டு பக்கமும் கருவேல மரங்கள், கரிமூட்டத்துப் புகை, தண்ணீர் இல்லாத கண்மாய். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, "எறங்குறியா இல்லையா, ஒரு முடிவா சொல்லு" என்று எரிந்து விழுந்தாள். அவள் கேட்டது நியாயம்தான்.

‘ஐயா எனக்காகத்தான் பாடினார்’ என்பதைத் திருப்பிப் போட்டு, ‘பாடினது எனக்காக’ என்று தொடங்கியிருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது. அந்த மைக் முன்னால் இது ஏன் தோன்றவில்லை? என்னை நானே நாலு அறை அறையலாம்போல் இருந்தது.

கல்லூரி வாத்தியார் வீடு என்று கேட்கக்கூடத் தேவைப்படவில்லை. பஸ் நின்ற இடத்தில் கடை வைத்திருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வாத்தியாரு மௌத்தான வீட்டுக்கா? பள்ளிவாசலத் தாண்டி ரெண்டாவது சந்து" என்றார். மகன் வெளியே போயிருந்தான். அந்தம்மா உள் அறையில் வெள்ளைச் சேலையில் பாயில் உட்கார்ந்திருந்தார். சுவரோரம் ஒரு ஆர்மோனியம், துணி போட்டு மூடியிருந்தது.

"வாம்மா. அவுககிட்டப் படிச்ச புள்ளையா?"

தலையாட்டினேன்.

"பேரென்ன?"

வாயைத் திறந்தேன். பூட்டு. அவர் சற்றுப் பார்த்துவிட்டு, துக்கத்தில் இருக்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, உட்காரச் சொல்லி அவர்பாட்டுக்குப் பேச ஆரம்பித்தார்.

"நேத்து கூட்டத்துக்கு வந்திருந்தியா? மகன் போட்டுக் காட்டுனான். எல்லாரும் சிரிக்கிறாக. சிரிக்கட்டும், அவுகளுக்கும் சிரிப்புன்னா புடிக்கும். கடைசியா ஒரு பொம்பளை வந்து, சொன்னதெல்லாம் சரிதான்னுட்டுப் போறா பாரு, அதான் என்னால தாங்க முடியல. அவுககிட்டப் படிச்சவ வாயால அப்படி வரலாமா? ராத்திரி பூரா நெஞ்ச அறுக்குது."

எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக. செருப்பு எங்கே கிடக்கிறது என்று கண் வாசலைத் தேடியது. போனில் பார்த்த சின்ன முகத்தை வைத்து என்னைத் தெரியவில்லை இவருக்கு, பேசாமல் தலையாட்டிவிட்டுப் போனால் என்றைக்கும் தெரியப் போவதில்லை. ‘நான்’ என்று சொல்ல முயன்றேன். ‘ந’வில் நாக்கு ஒட்டிக்கொண்டது. ‘ந்… ந்…’ அந்தம்மா பேச்சை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தார்.

கணவனை இழந்தவர் முன்னால், இழவு வீட்டில், பாடுவதைவிட அசிங்கம் உண்டா? எனக்கு வேறு வழி தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஐயா இழுப்பாரே அந்தத் தாழ்ந்த சுருதியில், "நாற்பத்திரண்டு" என்று பாடினேன். அதே சுருதியில் "உள்ளேன் ஐயா" என்றும் நானே பாடினேன்.

கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது. திறந்தபோது அந்தம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீதான் நாப்பத்திரெண்டா?"

தலையாட்டினேன்.

"நேத்துப் பேசுனதும் நீதானா?"

அதற்கும் தலையாட்டினேன். ஒரு அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"ஒரு நா சாயந்தரம் வந்தாக, சட்டையக்கூடக் கழட்டல. இந்தப் பெட்டிய எடுத்து வச்சு நாப்பத்திரெண்டு நாப்பத்திரெண்டுன்னு போட்டுப் போட்டுப் பாக்குறாக. என்னங்க இதுன்னா, ஒரு புள்ளைக்கு எந்தச் சுருதி எட்டும்னு பாக்குறேன்னாக. மறுநா வந்து, நாப்பத்திரெண்டு வாயத் தொறந்துருச்சுன்னு சொல்லி அந்த வாசல்ல நின்னு சிரிக்கிறாக. மெமோ வாங்கிட்டு வந்த அன்னைக்கும், பாட்ட விட்ருங்களேன்னு நாந்தான் சண்ட போட்டேன். அந்தப் புள்ள படிச்சு முடிக்கட்டும்னாக." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "புள்ள பேரென்னன்னு கேட்டேன். சொல்லல. அதுக்கே பேரச் சொல்லக் கஷ்டமா இருக்கு, நாம எதுக்கு அத எடுத்துப் பொழங்கணும்னாக."

நான் அவர் மடியில் விழுந்து அழுதேன். அவர் என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் மகன் வந்தான். அவர் அவனைப் போனை எடுக்கச் சொன்னார். "நேத்து எடுத்தியே, அதோட இதையும் சேத்து எல்லாருக்கும் அனுப்பிரு. பேசும்மா. பாட வேணாம், பேசு." மறுபடி அதே பயம், அதே தாடை நடுக்கம். திக்கித் திக்கித்தான் பேசினேன். ‘பாடினது எனக்காக’ என்று தொடங்கினேன், நடுவில் எல்லாச் சொல்லும் காலை வாரின. அந்தம்மா ஒரு சொல்லைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. மகன் கை வலித்து மாற்றி மாற்றிப் பிடித்தானே தவிர போனைத் தாழ்த்தவில்லை. நாலு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் அடுப்பில் வைத்த டீ சுண்டிவிட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. வீரசோழனிலிருந்து திரும்புகிற வழியில் என் வாய்க்கு வசதியான ஊர் எதுவுமே கிடையாது. நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை, மூன்றும் பூட்டு. கண்டக்டர் முன்பக்கமிருந்து ஒவ்வொரு சீட்டாக வர வர, பழையபடி காது சூடேறியது.

"எங்கம்மா?"

"தி…" என்றேன். நின்றது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"நரிக்குடியா?" என்று, ‘தி’ காதில் விழாத கண்டக்டர் எனக்கு உதவி செய்தார். தலையை ஆட்டியிருந்தால் தீர்ந்தது. இல்லை என்று தலையசைத்தேன். உள்ளங்கை நனைந்துவிட்டது.

"தி… தி… தி… திருச்சுழி."

மெஷினைத் தட்டி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அவர் அடுத்த சீட்டுக்குப் போனார். நான் அதை மடியில் வைத்து விரித்துப் பார்த்தேன். திருச்சுழி என்று போட்டிருந்தது. என் ஊருக்கு நான் வாய் திறந்து கேட்டு வாங்கிய முதல் டிக்கெட் அது.